பழைய காடியின் முன் பிரேக்கை வீட்டுப் போர்ச்சிலேயே மாற்றுவது எப்படி

எங்கள் வீட்டுக் காடி (கார்) 1996-ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா 1.5. அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். பினாங்கில் பாலிக் புலாவிலிருந்து பாயா தெருபோங்குக்கு இறங்கும் மலைச் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்தபோது, முன் வலது சக்கரத்தில் இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் கேட்டது. மூன்று மாதத்துக்கு முன்புதான் ஒரு பட்டறையில் பேட், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இருபக்கமும் அழுத்தி நிறுத்தும் துண்டுகளை, மாற்றியிருந்தோம். வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றினால், வெளிப்பக்கப் பேட் புதிதுபோல இருந்தது. உட்பக்கப் பேடில் உராயும் பகுதியே மிச்சமில்லை. வெறும் இரும்புத் தகடு டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருந்தது. பேட்களை டிஸ்க்கின்மேல் அழுத்தும் கேலிப்பர் நகர்வதற்கு உதவும் ஸ்லைடு பின் துருவேறி இறுகிக் கிடந்தது. பேட் மாற்றியவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் காடிகளுக்கு முன் பிரேக் பேட் மாற்றுவது நான்தான். பேட்டைக் கழற்றி மாட்டுவது சின்ன வேலை. பழைய பேட் எப்படித் தேய்ந்திருக்கிறது, ஏன் அப்படித் தேய்ந்தது என்று பார்ப்பதுதான் பெரிய வேலை. அதைச் செய்யாமல் புதுப் பேட் போட்டால், பழைய கோளாறுக்குப் புதுத் தீனி போட்டதாகத்தான் ஆகும்.

இங்கே சொல்வது முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சாதாரணப் பழைய காடிகளுக்கு. வீரா, இஸ்வாரா, பழைய மைவி எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். முதல் தடவை செய்கிறவர்கள் ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்கிவிடுங்கள். மதியம் கல்யாணத்துக்குப் போகவேண்டிய நாளில் தொடங்கவே வேண்டாம்.

எப்போது மாற்றவேண்டும்

பிரேக் பிடிக்கும்போது காடியின் எடை முன்னால் சாய்கிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் சக்கரங்களுக்குத்தான். முன் பேட்கள் சீக்கிரம் தேய்வது அதனால்தான். புதுப் பேடில் உராயும் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். அலாய் ரிம் போட்டவர்கள் கைபேசி விளக்கை அடித்து ரிம்மின் இடைவெளி வழியாகவே பார்க்கலாம். ஆனால் அப்படித் தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டும். எங்கள் காடியில் வெளிப்பக்கம் நன்றாகத்தான் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

மெல்லிய கீச் சத்தம் கேட்டால், பேடில் இருக்கும் எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடத் தொடங்கியிருக்கலாம். கரகரவென்ற சத்தம் வந்தால் காலம் கடந்துவிட்டது, டிஸ்க்கையும் சேர்த்து யோசியுங்கள். பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் டிஸ்க்கில்தான் கோளாறு. காடி ஒரு பக்கமாக இழுத்தால் ஏதோ ஒரு பக்கத்துக் கேலிப்பர் சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம். மிதி பஞ்சுபோல இறங்கினாலோ, மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெதுவாகக் கீழே போனாலோ, அது பேட் சம்பந்தப்பட்டது அல்ல. குழாயில் புகுந்த காற்றோ, எண்ணெய்க் கசிவோ, மிதித்ததும் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் பம்ப்போ காரணமாக இருக்கும். அந்தக் காடியை ஓட்டிக்கொண்டு எங்கும் போகாதீர்கள். போர்மேனை (மெக்கானிக்கை) வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இழுவை வண்டியில் அனுப்புங்கள்.

சாமான் வாங்குவது

வீரா 1993-இல் மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாக வைத்து வந்த காடி. பல ஆண்டுகள் ஓடியதால் சாமான் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் ஒரே பெயர் கொண்ட காடியிலேயே ஆண்டுக்கும் எஞ்சினுக்கும் தகுந்தபடி கேலிப்பர் மாறும். அதனால் ஸ்பேர் பார்ட் கடைக்குப் போகும்போது காடியின் கிரான் (பதிவுச் சான்று) நகலைக் கையோடு கொண்டுபோய்ச் சேசி எண்ணைக் காட்டுங்கள். இன்னும் நல்ல வழி, ஒரு நாள் முன்னதாகச் சக்கரத்தைக் கழற்றிப் பேட்டைப் படம் எடுத்துக்கொண்டு போவது. கடைக்காரர் தரும் பேட்டின் வடிவத்தைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகு காசு கொடுங்கள்.

பேட் எப்போதும் இரண்டு முன் சக்கரங்களுக்கும் சேர்த்துத்தான், நான்கு துண்டுகள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது காடி இழுக்கும். டிஸ்க் மாற்றுவதானாலும் அப்படித்தான், இரண்டும் சேர்த்து. விலை குறைவு என்பதற்காகப் பெயர் தெரியாத பேட்டை வாங்காதீர்கள். மிச்சப்படுத்த வேண்டுமானால் கூலியில் மிச்சப்படுத்தலாம், அதற்குத்தானே நாமே செய்கிறோம்.

இவற்றோடு ஒரு கேன் பிரேக் கிளீனர், பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ், ஒரு சிறிய புட்டி பிரேக் எண்ணெய். காடியின் பிரேக் எண்ணெய் டப்பா மூடியில் என்ன போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள், டாட் 3 அல்லது டாட் 4. டாட் 5 என்பது வேறு வகை, சிலிக்கான் எண்ணெய். அது இவற்றோடு சேராது. திறந்து பல மாதம் ஆன புட்டி வீட்டில் இருந்தால் அதை ஊற்றவேண்டாம். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 எண்ணெய் 205 டிகிரிக்குக் குறையாத சூட்டில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபிறகு அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் சூடேறி, எண்ணெய் கொதித்து, மிதி தரைவரை போவது இப்படித்தான். நம் ஊர்க் காற்றின் ஈரப்பசையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

கருவிகள் அதிகம் இல்லை. சக்கர நட்டுக்கு 21 அளவு சாக்கெட், கேலிப்பருக்குப் பெரும்பாலும் 12 அல்லது 14, நீளமான கைப்பிடி, கம்பித் தூரிகை, ஜி வடிவ இடுக்கி, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், கொஞ்சம் கட்டுக்கம்பி, கையுறை, முகக் கவசம். பழைய நல்ல ஸ்பேனர்கள் ஜார்ஜ் டவுன் லோரோங் கூலிட் சந்தையில் காலையில் போனால் கிடைக்கும். என்னுடைய சாக்கெட் செட்டில் பாதி அங்கே வாங்கியதுதான். ஆனால் ஜேக்கையும் ஜேக் ஸ்டாண்டையும் மட்டும் பழையதாக வாங்காதீர்கள். உயிர் அதன்மேல்தான் நிற்கிறது.

காடியைத் தூக்குவது

நம் தாமான் வீடுகளின் போர்ச்சைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் வழுவழுப்பான டைல்ஸ் தரை, அதுவும் மழைநீர் ஓடுவதற்காக லொங்காங் பக்கம் சரிந்திருக்கும். ஜேக் வழுக்குவதற்கு இதைவிட வசதியான இடம் இல்லை. காடியை முடிந்தவரை சமமான பகுதியில் நிறுத்துங்கள். தரை ஈரமாக இருந்தால் துடைத்துக் காயவிடுங்கள். ஜேக்குக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை ஒன்றைப் போட்டால் டைல்ஸும் உடையாது, வழுக்கவும் வழுக்காது. சரிவு அதிகமான போர்ச்சாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கீழ்த்தளத்தின் சமமான மூலையில் செய்யலாம்.

கைப் பிரேக்கை இழுத்துப் போடுங்கள். மேனுவல் காடியானால் முதல் கியர், ஆட்டோவானால் பி. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். சக்கர நட்டுகளைக் காடி தரையில் நிற்கும்போதே அரைச்சுற்று இளக்கிவிடுங்கள். தூக்கியபிறகு இறுகிய நட்டோடு மல்லுக்கட்டினால் காடி ஆடும்.

டிராலி ஜேக்கைக் காடியின் கையேட்டில் காட்டியிருக்கும் முன் நடுப்புள்ளியில் வைத்துத் தூக்கி, பக்கவாட்டு விளிம்பில் முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் இரண்டு வெட்டுக் குறிகளுக்கு நடுவே ஸ்டாண்டை நிறுத்துங்கள், இரண்டு பக்கமும். மெதுவாக இறக்கி எடை ஸ்டாண்டில் அமர்ந்ததும், காடியைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். அசையாவிட்டால்தான் சக்கரத்தைத் தொடலாம். டிக்கியில் வந்த கத்தரி ஜேக்கை மட்டும் நம்பி எந்த வேலையும் செய்யாதீர்கள். அது பஞ்சர் டயர் மாற்றுவதற்கு மட்டும். கழற்றிய சக்கரத்தைப் படுக்க வைத்துக் காடியின் விளிம்புக்கு அடியில் தள்ளி வையுங்கள். எல்லாம் தவறிப்போனாலும் காடி அதன்மேல் விழும், உங்கள்மேல் விழாது.

நட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு லொங்காங்கிலிருந்து தள்ளி வையுங்கள். உருண்டுபோன நட்டைச் சேற்றில் தேடுவது ஒரு மணி நேர வேலை.

கழற்றுவதும் படிப்பதும்

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். ஏதாவது மறந்துபோனால் அடுத்த பக்கம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கழற்றுவதற்கு முன்பு நான்கு கோணத்தில் படம் எடுத்துவிடுங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் கேலிப்பரின் பின்புறம் வெளியே தெரியும், கை போக வசதி.

தூசியை ஊதாதீர்கள், காற்று அடிக்கும் கருவியையும் பயன்படுத்தாதீர்கள். பழைய பேட்களில் கல்நார் இருந்திருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாது. பிரேக் கிளீனரை அடித்து ஈரமாக்கித் துணியால் துடையுங்கள்.

கேலிப்பரின் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றினால் பல காடிகளில் கேலிப்பரை மேல்நோக்கித் திருப்பிவிடலாம், பேட்கள் வெளியே வந்துவிடும். சிலவற்றில் இரண்டு போல்ட்டையும் கழற்றவேண்டும். அப்படி முழுதாகக் கழற்றினால் கேலிப்பரைக் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் குழாயில் அது தொங்கக் கூடாது. உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது.

இப்போது இரண்டு பேட்களையும் எடுத்து, எது உள், எது வெளி என்று மார்க்கரால் எழுதி, ஒரு பழைய தினசரியின்மேல் பக்கம் பக்கமாக வையுங்கள். அவசரப்படாமல் பாருங்கள்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருந்தால் கேலிப்பர் நலமாக இருக்கிறது. உட்பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம், அல்லது கேலிப்பருக்குள்ளிருந்து பேட்டைத் தள்ளும் பிஸ்டன் பின்வாங்காமல் இருக்கலாம். வெளிப்பக்கம் அதிகமானால் பிரேக் விட்டபிறகு கேலிப்பர் திரும்பி நகரவில்லை என்று பொருள். பேட் ஒரு முனையில் தடிப்பாகவும் மறுமுனையில் மெல்லியதாகவும் சாய்ந்து தேய்ந்திருந்தால், ஒரு ஸ்லைடு பின் மட்டும் இறுகியிருக்கும், அல்லது பேட் அமரும் இடத்தில் துரு சேர்ந்து பேட்டை நகரவிடாமல் பிடித்திருக்கும். முகம் கண்ணாடிபோல மினுங்கினால் அது அதிகமாகச் சூடேறிய பேட். எண்ணெய் ஊறிய கறை தெரிந்தால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்காமல் மேலே போகவேண்டாம். அடுத்த பக்கம் கழற்றியபிறகு இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் பாதி, மறுபக்கம் புதிதுபோல என்றால் அதையும் காரணம் இல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

ஸ்லைடு பின்களைக் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகவேண்டும். இறுகியிருந்தால் உருவி எடுத்து, பழைய கிரீஸைத் துடைத்து, துருவைக் கம்பித் தூரிகையால் போக்குங்கள். குழிவிழும் அளவுக்கு அரித்திருந்தால் புதுப் பின் வாங்கிவிடுங்கள், ரப்பர் உறையோடு. மேல் பின்னும் கீழ்ப் பின்னும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் பல காடிகளில் வேறு வேறு, இடம் மாற்றாதீர்கள். கடலோரமாக நிறுத்தும் காடிகளில் இவை சீக்கிரம் துருவேறும். வெள்ளத்தில் நின்ற காடிகளும் அப்படித்தான். 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்கில் எத்தனையோ காடிகள் தண்ணீரில் நின்றன. பழைய காடியைப் பிறரிடமிருந்து வாங்கியவர்கள் இந்த இடத்தைக் கட்டாயம் பாருங்கள்.

பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தாலோ, ஈரமாக இருந்தாலோ, பிரேக் குழாயில் வெடிப்பு தெரிந்தாலோ, இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பழையபடி மாட்டி ஓட்டிப்போக நினைக்கவேண்டாம். அது போர்மேன் பார்க்கவேண்டிய வேலை.

டிஸ்க்

விரலால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் சின்ன வரம்பு இருப்பது இயல்பு. நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளங்கள், நீல நிறத் திட்டுகள், விரிசல் இருந்தால் மாற்றவேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும், தூரிகையால் தேய்த்தால் தெரியும். ஓர வரம்பு இடையில் வருவதால் வெர்னியர் அளவுகோலை நேராக வைத்து அளந்தால் தடிமன் கூடுதலாகக் காட்டும். அதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு 10 சென் காசுகளை டிஸ்க்கின் இரண்டு பக்கமும், பேட் உராயும் இடத்தில் வைத்து, காசோடு சேர்த்து அளங்கள். பிறகு காசுகளின் தடிமனைக் கழித்துவிடுங்கள்.

டிஸ்க் மாற்றவேண்டுமானால், பேட்களைத் தாங்கும் சட்டத்தின் இரண்டு பெரிய போல்ட்டுகளைப் பின்னாலிருந்து கழற்றினால் டிஸ்க் வெளியே வரும். துருவால் ஒட்டிக்கொண்டிருந்தால் சுத்தியலால் அடித்துத் துவைக்காதீர்கள். பல டிஸ்க்குகளில் மரையுள்ள இரண்டு சிறிய துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டைப் பொருத்தி மாறி மாறி இறுக்கினால் டிஸ்க் தானாகத் தள்ளிக்கொண்டு வரும். சில மிகப் பழைய காடிகளில் டிஸ்க், சக்கரம் மாட்டும் ஹப்புக்குப் பின்னால் இணைந்திருக்கும், ஹப்பையே கழற்றவேண்டும். அந்த வகையைப் புதியவர்கள் வீட்டில் செய்யவேண்டாம். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் முழுவதும் துடைத்தபிறகே மாட்டுங்கள்.

புதுப் பேட் மாட்டுவது

புதுப் பேட் தடிப்பு. அதனால் பிஸ்டனை உள்ளே தள்ளவேண்டும். தள்ளுவதற்கு முன் பானெட்டைத் திறந்து பிரேக் எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்து வையுங்கள். பிஸ்டன் உள்ளே போகும்போது எண்ணெய் அங்கே ஏறும். நிரம்பி வழிந்தால் பெயிண்ட்டைத் தின்றுவிடும். ஏறுவதுபோலத் தெரிந்தால் ஊசி இல்லாத சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். சிந்திவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பழைய பேட்டைப் பிஸ்டனின்மேல் வைத்து, ஜி இடுக்கியால் மெதுவாக, நேராகத் தள்ளுங்கள். நலமான பிஸ்டன் சீராக உள்ளே போகும். முழுப் பலத்தையும் போட்டும் போகவில்லை என்றால் அது இறுகிவிட்டது. கேலிப்பரைச் சீர்செய்யாமல் புதுப் பேட் போட்டுப் பயனில்லை.

பேட் அமரும் இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பேட்டோடு புதுக் கிளிப் தந்திருந்தால் அதையே போடுங்கள். ஸ்லைடு பின்களுக்குச் சிலிக்கான் கிரீஸ், மெல்லிய பூச்சு போதும். சாதாரணக் கிரீஸோ எஞ்சின் எண்ணெயோ போட்டால் ரப்பர் உப்பிப் பின் மறுபடியும் இறுகும். பேட்டின் காதுகளிலும், பிஸ்டன் தொடும் முதுகுத் தகட்டிலும் துளி கிரீஸ் வைத்தால் சத்தம் வராது. உராயும் முகத்திலும் டிஸ்க்கிலும் ஒரு பொட்டுகூடப் படக் கூடாது. பட்டுவிட்டால் டிஸ்க்கைக் கிளீனரால் துடையுங்கள்.

எச்சரிக்கைத் தகடு உள்ள பேட் பெரும்பாலும் உட்பக்கம் போகும். பழையதைப் பார்த்து அதேபோல வையுங்கள். உராயும் முகம் டிஸ்க்கைப் பார்த்து இருக்கவேண்டும். இதைச் சொல்வது தேவையா என்று தோன்றலாம், களைத்துப்போன நேரத்தில் தேவைதான். கேலிப்பரை இறக்கி போல்ட்டை முதலில் கையால் மரையேற்றி, அப்புறம் ஸ்பேனரால் இறுக்குங்கள். ஸ்லைடு பின் போல்ட்டுகள் சிறியவை, அதிகம் இறுக்கினால் மரை போய்விடும். சட்டத்தின் பெரிய போல்ட்டுகளை நன்றாக இறுக்கவேண்டும். உங்கள் காடியின் சரியான அளவு பட்டறைக் கையேட்டில் இருக்கும். டார்க் ரெஞ்ச் வைத்து அந்த அளவுக்கு இறுக்குங்கள். இந்த வேலைக்குக் கட்டாயம் வேண்டிய கருவி அது. உங்களிடம் இல்லாவிட்டால் நண்பர்களிடம் கேட்டு ஒரு நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக இறுக்கி, காடியை இறக்கியபிறகு முழுதாக இறுக்குங்கள். வீரா போன்ற காடிகளுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். கைப்பிடியின்மேல் ஏறி நின்று மிதிக்கவேண்டாம்.

எஞ்சினைத் தொடுவதற்கு முன்

இரண்டு பக்கமும் முடிந்து காடி தரையில் நிற்கிறது. இப்போது செய்யவேண்டியதை ஒருபோதும் மறக்கக் கூடாது. காடியை நகர்த்துவதற்கு முன் பிரேக் மிதியை மெதுவாக, பலமுறை மிதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி தரைவரை போகும், அப்போது பிரேக்கே இருக்காது. சில மிதிகளுக்குப் பிறகு மேலே கெட்டியாக நிற்கும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் காடி எதிர்வீட்டு கேட்டில்தான் நிற்கும். மிதி கெட்டியாகவில்லை என்றால் உள்ளே காற்று இருக்கிறது அல்லது எங்கோ தவறு நடந்திருக்கிறது. அந்தக் காடி போர்ச்சை விட்டு வெளியே போகக் கூடாது.

பிறகு எண்ணெய் அளவைப் பார்த்து, இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கும்படி சரிசெய்து மூடியை இறுக மூடுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து மறுபடியும் மிதித்துப் பாருங்கள். வீட்டுக்கு முன்னாலேயே நடக்கும் வேகத்தில் நான்கைந்து முறை நகர்த்தி நிறுத்துங்கள்.

புதுப் பேட் டிஸ்க்கோடு பழகவேண்டும். நான் ஞாயிறு காலையில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் போவேன், அந்த நேரத்தில் சாலை காலியாக இருக்கும். 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைப்பேன், முழுதாக நிறுத்தமாட்டேன். கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு மறுபடியும், எட்டுப் பத்து முறை. முடிந்ததும் பிரேக்கை அதிகம் தொடாமல் சிறிது தூரம் ஓட்டிச் சூட்டை ஆற்றுவேன். அடுத்த 200 கிலோமீட்டர் வரை அவசரம் இல்லாமல் ஓட்டுங்கள். மலைச் சாலை வேண்டாம். அப்புறம் மலை இறங்கும்போதும் தாழ்ந்த கியரில் இறங்குங்கள், பேட் எவ்வளவு புதிதாக இருந்தாலும்.

வீடு திரும்பியதும் ரிம்மின் அருகே கையை நீட்டிச் சூட்டைப் பாருங்கள், டிஸ்க்கைத் தொடவேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு சூடு இருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் இன்னும் ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. மறுபடியும் கழற்றி ஸ்லைடு பின்னிலிருந்து தொடங்குங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். மீட்டரில் காட்டும் கிலோமீட்டரையும், கழற்றிய நான்கு பேட்களின் தடிமனையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கையேட்டுக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த தடவை கழற்றும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.